நெட்வொர்க் டிரைவ் திறக்கவும் இல்லை, கழலவும் இல்லை: வரிசையாக எதைப் பார்ப்பது?

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் இப்போது போட்டோ ஸ்டுடியோ, ஆடிட்டர் அலுவலகம், முந்திரி ஆலையின் கணக்குப் பிரிவு என்று பல இடங்களில் மேசைக்கு அடியில் ஒரு நாஸ் பெட்டி (எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைத்து எடுக்கும் டிஸ்க் பெட்டி) இருக்கிறது. நாஸ் வாங்காதவர்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் ஃபோல்டரைப் பகிர்ந்து, மற்ற கம்ப்யூட்டர்களில் அதை ‘இசட்’ டிரைவாக மேப் செய்து, அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிரைவ் போலத் தெரியும்படி இணைத்து வைத்திருப்பார்கள். ஓடுகிற வரை நன்றாக ஓடும். ஒரு மழைநாள் காலையில் அதன்மேல் சிவப்புக் குறுக்கு விழுந்திருக்கும். சாயங்காலம் ஆல்பம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கல்யாணப் படம் எடிட் செய்கிற ஓர் இடத்தில் இந்த வேலையும் என் தலையில்தான். சொல்லித்தர ஆளில்லாமல் முட்டிமோதிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். டிரைவ் திறக்கவில்லை என்றதும் ஃபைல் போய்விட்டது என்று பதறாதீர்கள். பெரும்பாலும் ஃபைல் இருந்த இடத்தில் இருக்கும், அதற்குப் போகிற வழிதான் அறுந்திருக்கும். அதனால் கீழிருந்து மேலே பாருங்கள்: கரண்ட், வயர், முகவரி, பாஸ்வேர்டு, கடைசியில்தான் விண்டோஸ். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள். ஒன்று, “அண்ணே, பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியால அமுக்குங்க” என்று யார் சொன்னாலும் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். ரூட்டரில் அமுக்கினால் இணைய இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். அதைத் திரும்பப் போட இணைப்புக்காரர் வர வேண்டும், அவர் வருகிற நேரம் அவர் கையில். நாஸில் அமுக்கினால் முகவரி அமைப்பும் அட்மின் பாஸ்வேர்டும் போகும். சில பெட்டிகளில் தொடர்ந்து இரண்டு முறை அமுக்கினால் மென்பொருளையே மறுபடி நிறுவச் சொல்லும். இன்னொன்று, நாஸில் இருந்த டிஸ்க்கைக் கழற்றி நேராக விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டாதீர்கள். நாஸ் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் டிஸ்க்கை எழுதும். விண்டோஸுக்கு அது புரியாமல் “ஃபார்மேட் செய்யட்டுமா?” என்று கேட்கும். அவசரத்தில் ஒருவர் சரி என்று தட்டிவிட்டால், அப்புறம் தரவு மீட்பவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

1. ஒரு தாள் தயார் செய்யுங்கள்

டிரைவ் நன்றாக இருக்கும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில் கையால் எழுதுங்கள்: நாஸின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்குக் கொடுத்த எண்), மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாளம், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பன்னிரண்டு எழுத்தும் எண்ணும்), பகிர்ந்த ஃபோல்டரின் பெயர், யூசர்நேம், ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, இணைய இணைப்பின் வாடிக்கையாளர் எண், அந்த இணைப்பு யார் மொபைல் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பது. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புகார் கொடுக்கும்போது ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அது முன்பு வேலைபார்த்த பையனின் எண்ணாகவோ வளைகுடாவில் இருக்கும் முதலாளியின் எண்ணாகவோ இருந்தால் அன்றைய பொழுது அதோடு போச்சு.

நாஸும் டிஸ்க்கும் வாங்கிய பில்லைப் படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். நாஸுக்கென்றே விற்கும் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருட உத்தரவாதம் உண்டு. அதைக் கேட்கச் சீரியல் எண்ணும் பில் தேதியும் வேண்டும். வெப்பத்தாளில் அச்சான பில் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

இந்தத் தாளை அந்த நாஸுக்குள்ளேயே சேமித்துவைக்க வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், பார்த்திருக்கிறேன்.

2. கரண்ட் வந்ததும் கொஞ்சம் பொறுங்கள்

காற்றில் தென்னை ஓலை லைனில் விழும், இடி இடிக்கும், மின்வாரியத்தின் பராமரிப்பு நாளும் வரும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் கரண்ட் போய்வருவது வருடத்தில் பல மாதம் நடக்கிற கதை. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முதலில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி வெளிச்சம் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகும். நாஸுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். திடீரென்று அணைந்த நாஸ் டிஸ்க்கைச் சரிபார்க்க ஆரம்பித்தால் அரை மணி, ஒரு மணி கூட ஆகலாம். அதுவரை டிரைவ் திறக்காது. அது பழுது அல்ல.

வரிசை இப்படி: முதலில் ஃபைபர் பெட்டி, பிறகு ரூட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச் (வயர்களைப் பிரித்துத் தரும் பெட்டி), நாஸ், கடைசியில் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் விடுங்கள். நாஸ் தானாக எழவே இல்லையென்றால், அதன் அமைப்புப் பக்கத்தில் ‘கரண்ட் வந்ததும் தானாக இயங்கு’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்கி வையுங்கள்.

600 விஏ யுபிஎஸ் ஒன்று மூவாயிரம் ரூபாயைச் சுற்றி வரும். ஆனால் விலை குறைந்த யுபிஎஸ் பலவற்றில் யுஎஸ்பி தொடர்பு இருக்காது. அது இருந்தால்தான் பேட்டரி தீரும்போது நாஸ் தானே முறையாக மூடிக்கொள்ளும். கடையில் இதைக் கேட்டு, உங்கள் நாஸ் ஏற்கும் மாடல்தானா என்றும் பார்த்து வாங்குங்கள்.

3. வயர்

நாஸின் பின்னால் வயர் சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் வேறு வயர், வேறு போர்ட். அவ்வளவுதான் சோதனை.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் மட்டும் வயரின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக் காற்றில் அந்தச் சின்னச் செம்புப் பற்கள் பச்சை பூத்திருக்கும். அப்போது டிரைவ் ஒரேயடியாகப் போகாது. திறக்கும், பெரிய ஃபைல் நகலெடுக்கும்போது பாதியில் அறுந்துவிடும். எட்டு இழையில் ஒன்று கெட்டாலே வேகம் 1000-லிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் போன நகல் 11 மெகாபைட்டில் தவழ்ந்தால் முதல் சந்தேகம் வயர்மேல் இருக்கட்டும். புது முனை பத்து ரூபாய் சமாச்சாரம். அழுத்திப் போடத் தெரிந்தவர் வேண்டும்.

4. முகவரி மாறியிருக்கிறதா?

என் அனுபவத்தில் கரண்ட் போய்வந்த பிறகு டிரைவ் திறக்காததற்குப் பெரும்பாலான நேரம் காரணம் இதுதான். ரூட்டர் தன்னோடு சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கும். எல்லாம் அணைந்து மறுபடி எழும்போது, நேற்றுவரை நாஸ் வைத்திருந்த 192.168.1.50 இன்று யாரோ ஒருவரின் மொபைலுக்குப் போயிருக்கலாம். உங்கள் கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். திரையில் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்ற பொருளில் செய்தி வரும், கூடவே பிழை எண் 53, அல்லது 80070035 என்று முடியும் நீளமான எண்.

பார்க்கும் முறை: கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) திறந்து, தாளில் எழுதிய முகவரிக்கு பிங் (அந்த முகவரியில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள், அது வேறு கருவியாக இருக்கலாம். பிரவுசரில் அதே முகவரியைத் தட்டுங்கள். நாஸின் உள்நுழைவுப் பக்கம் வந்தால் முகவரி சரி. வராவிட்டால் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியல் இருக்கும். அதில் மேக் முகவரியை வைத்து நாஸைத் தேடினால் புது ஐபி கிடைக்கும்.

புது முகவரியில் மேப் செய்து வேலையை முடித்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள், அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலை. ரூட்டரில் டிஎச்சிபி என்ற பகுதியில் (கருவிகளுக்கு முகவரி கொடுப்பது இதுதான்) ‘ரிசர்வேஷன்’ இருக்கும். அங்கே நாஸின் மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் ஐபியையும் கொடுத்துச் சேமித்து, நாஸை ஒருமுறை முறையாக மறுதொடக்கம் செய்யுங்கள். பத்து நிமிட வேலை, செலவு இல்லை. நாஸிலேயே கையால் நிலையான முகவரி போடுவதும் உண்டு. ஆனால் ரூட்டர் அதே எண்ணை இன்னொரு கருவிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். ரூட்டரில் செய்வதே நல்லது.

பகிர்வது நாஸ் அல்ல, விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் பிங்குக்குப் பதில் வராததை வைத்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மறுக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். ரூட்டர் மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் ஆக்கி, பகிர்வையும் மூடிவிடும். ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். அது தூங்கிப்போகாதபடி பவர் அமைப்பில் ‘ஸ்லீப்’ என்பதையும் நிறுத்துங்கள்.

5. வீட்டுக்குள் இரண்டு ரூட்டர்

இணைப்புக்காரர் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர்தான். பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்று நாம் இன்னொன்று வாங்கி அதன் பின்னால் மாட்டுகிறோம். இப்போது ஒரே கட்டடத்துக்குள் இரண்டு நெட்வொர்க். முன்னறையில் 192.168.1 என்று தொடங்கும், பின்னறையில் 192.168.0 என்று தொடங்கும். இணையம் இரண்டிலும் வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் முதல் ரூட்டரில் இருப்பவரால் இரண்டாவதில் மாட்டிய நாஸைப் பார்க்க முடியாது. “நேற்று வேலை செய்தது, இன்று இல்லை” என்பவர்களில் சிலர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறை மாறியவர்கள்தான்.

இரண்டாவது ரூட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால், அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை முதல் ரூட்டரின் வரிசைக்குள் யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணாக மாற்றி, வயரை வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் அல்லாமல் லேன் (LAN, உள் கருவிகளுக்கான) போர்ட்டில் சொருகுங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் நாஸ் தெரியாது. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

6. பெயரும் பாஸ்வேர்டும்

முகவரி சரி, பக்கமும் திறக்கிறது, ஆனாலும் டிரைவ் உள்ளே விட மறுக்கிறது என்றால் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி சுற்றிவளைக்கும், எண் நேராகச் சொல்லும்.

86 அல்லது 1326 வந்தால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ தவறு. யாராவது நாஸில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலும் விண்டோஸ் பழையதையே நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, அந்த முகவரிக்கான பதிவை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். பகிர்வது விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்க பின் இங்கே செல்லாது. கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக ஏற்காது.

67 என்றால் பெட்டி கிடைத்துவிட்டது, ஃபோல்டர் பெயர்தான் தவறு. 5 என்றால் உள்ளே வர அனுமதி இல்லை, நாஸில் அந்தக் கணக்குக்கு அந்த ஃபோல்டரைத் திறந்துவிட வேண்டும். 85 என்றால் அந்த டிரைவ் எழுத்தை ஏற்கெனவே வேறொன்று வைத்திருக்கிறது.

1219 கொஞ்சம் வம்பு பிடித்தது. ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர்நேமில் போக விண்டோஸ் விடாது. காலையில் ஒருவர் தன் பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறந்திருப்பார், மதியம் அதே கம்ப்யூட்டரில் நீங்கள் வேறு பெயரில் முயல்வீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் என்று மட்டும் கொடுத்தால் இருக்கிற இணைப்புகள் எல்லாம் தெரியும். ஃபைல்களைச் சேமித்து மூடிவிட்டு, அந்தப் பெட்டிக்கான இணைப்புகளை நீக்கி, ஒரே பெயரில் மறுபடி இணையுங்கள். இரண்டு பெயரும் வேண்டியே ஆக வேண்டுமென்றால், ஒன்றை ஐபி முகவரி வழியாகவும் மற்றொன்றைப் பெட்டியின் பெயர் வழியாகவும் மேப் செய்யலாம். விண்டோஸ் அவற்றை இரண்டு பெட்டி என்றே நினைக்கும்.

7. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை

பழைய நாஸ், அல்லது ரூட்டரின் யுஎஸ்பி துளையில் மாட்டிய டிஸ்க் என்றால் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையில் பேசிக்கொண்டிருக்கலாம். 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக விலக்கிவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் வானாகிரை என்ற பணம்பறிக்கும் வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி1-ன் ஓட்டை வழியாகத்தான். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி1-ஐ டிக் செய்யுங்கள்’ என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். டிக் செய்தால் வேலை செய்யும், அதுதான் ஆபத்தே. அதற்குப் பதில் நாஸின் அமைப்பில் குறைந்தபட்ச முறையை எஸ்எம்பி2 என்று வையுங்கள். அந்த வசதியே இல்லாத பெட்டி என்றால் ஃபைல்களை நகலெடுத்துக்கொண்டு பெட்டியை ஓய்வுபெற விடுங்கள்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்புக்கு மாறியவர்களுக்கு வேறு பிரச்சினை. புரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை அது மறுக்கிறது, பிழை எண் 1272 வரலாம். விண்டோஸைத் தளர்த்த வேண்டாம். நாஸில் ஆளுக்கொரு கணக்கு, பாஸ்வேர்டோடு. ஐந்து பேர் வேலைபார்க்கிற இடத்தில் அரை மணிநேர வேலை அது, யார் எதை அழித்தார்கள் என்றும் அப்புறம் தெரிந்துகொள்ளலாம்.

8. சிவப்புக் குறுக்கு, ஆனால் இரட்டைக் கிளிக்கில் திறக்கிறது

இதற்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடித் தோற்றுப்போயிருக்கும். பகிர்வது விண்டோஸ் என்றால், பதினைந்து நிமிடம் சும்மா இருந்ததும் அது இணைப்பை விட்டுவிடுவது இயல்பு. நாஸ் டிஸ்க் உறங்கியிருந்தால் முதல் முறை திறக்கச் சில நொடி கூடுதலாக ஆகும்.

ஒரு பொறி: டிரைவ் எக்ஸ்ப்ளோரரில் தெரிகிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் மட்டும் தெரியவில்லை என்றால், அந்த மென்பொருளை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்திருப்பீர்கள். அட்மினுக்குச் சாதாரணப் பயனரின் மேப் தெரியாது. சாதாரணமாகத் திறங்கள்.

9. கழல மாட்டேன் என்கிற டிரைவ்

‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று வந்தால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபோட்டோஷாப், எக்செல், டேலி மூன்றையும் முதலில் மூடுங்கள். மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் அவை ஓடிக்கொண்டிருக்கலாம், பாருங்கள். அந்த டிரைவுக்குள் நிற்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலும் பிடித்துவைக்கும். எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பகுதியும், படங்களின் சிறு உருவத்தைச் சேமிக்கும் மறைவான ஃபைலும் அப்படித்தான். டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ மேல் ரீஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பிடித்திருப்பவர் வேறு கம்ப்யூட்டரில் இருந்தால், நாஸின் பக்கத்தில் இணைந்திருப்பவர்கள் பட்டியலைப் பாருங்கள். விண்டோஸ் பகிர்வு என்றால் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ உள்ளே ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’, அதில் ‘ஓபன் ஃபைல்ஸ்’. அங்கிருந்தே துண்டிக்க முடியும். ஆனால் எழுந்துபோய்க் கேளுங்கள். ஒருவர் சேமிக்காமல் வைத்திருக்கும் கணக்கைத் துண்டித்துவிட்டு அப்புறம் சமாதானம் சொல்வது கஷ்டம்.

போன நாஸின் பேய் டிரைவ் ஒன்று ஒட்டிக்கொண்டு, எந்த மென்பொருளில் ‘ஓபன்’ கொடுத்தாலும் அரை நிமிடம் உறைகிறதா? கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ், இடைவெளி, டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும், இடைவெளி, சாய்கோட்டோடு டெலீட் (net use Z: /delete மாதிரி). அது போய்விடும். ‘இப்படி ஓர் இணைப்பே இல்லை’ என்று பதில் வந்தால் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அங்கிருந்தும் மறைந்துவிடும்.

நாஸின் யுஎஸ்பி துளையில் செருகிய வெளி டிஸ்க்கை எடுக்க வேண்டுமென்றால், உங்கள் கம்ப்யூட்டரில் டிஸ்கனெக்ட் கொடுத்தது போதாது. நாஸின் பக்கத்துக்குப் போய் அங்கே எஜெக்ட் கொடுத்து, விளக்கு அடங்கிய பிறகு இழுங்கள்.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஆப்ஷன் கீயை அமுக்கியபடி டாக்கில் ஃபைண்டர் படத்தில் வலது கிளிக் செய்தால் ‘ரீலாஞ்ச்’ வரும், பெரும்பாலும் அதுவே போதும். அதற்கும் அசையவில்லை என்றால் டெர்மினலில் டிஸ்க்யூட்டில் கட்டளையின் அன்மவுண்ட் ஃபோர்ஸ் இருக்கிறது. சேமிக்காதது போகும், தெரிந்தே செய்யுங்கள். மறுபடி இணைக்கும்போது டிரைவின் பெயருக்குப் பின்னால் -1 என்று ஒட்டிக்கொண்டால், ‘வால்யூம்ஸ்’ ஃபோல்டரில் பழைய பெயரில் ஒரு வெற்று ஃபோல்டர் கிடக்கிறது என்று பொருள். அதனால் எடிட்டிங் மென்பொருளில் எல்லாப் படத்துக்கும் ‘காணவில்லை’ என்று வரும். மேக்கை ரீஸ்டார்ட் செய்து, டிரைவை இணைக்கும் முன் அந்த ஃபோல்டருக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

10. வெளியூரிலிருந்து திறக்க

சுசீந்திரத்தில் கல்யாணம் முடித்துவிட்டு மண்டபத்திலிருந்தே நாஸைத் திறக்க ஆசை வரும். ரூட்டரில் 445 என்ற போர்ட்டைத் திறந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உலகமே அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திறந்தாலும் நிறைய ஃபைபர் இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் பலரோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. நிலையான பொது முகவரி கேட்டால் கூடுதல் கட்டணமும் அடையாளச் சான்றும் கேட்பார்கள்.

டெயில்ஸ்கேல் மாதிரியான விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான தனி வழி) இதைச் சுற்றிக்கொண்டு போகும், தனிநபருக்கு இலவசத் திட்டமும் உண்டு. சாதாரண விபிஎன் போட்டவர்கள் ஒன்றைப் பாருங்கள்: அலுவலகமும் வீடும் இரண்டுமே 192.168.1 என்று தொடங்கினால் இணைப்பு கிடைத்தாலும் டிரைவ் திறக்காது. கம்ப்யூட்டர் நாஸை வீட்டுக்குள்ளேயே தேடும். அலுவலக ரூட்டரை 192.168.73 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றுங்கள். விபிஎன் இணைந்தாலும் டிரைவிலிருந்தபடியே எடிட் செய்யாதீர்கள். ஃபைலை இறக்கி, வேலை முடித்து, திரும்ப ஏற்றுங்கள். லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் நெட்வொர்க் டிரைவில் திறக்கவே திறக்காது, அது அலுவலகத்துக்குள்ளும் அப்படித்தான்.

11. ஆளைக் கூப்பிடும் முன்

நாஸ் கடகடவென்று சத்தம் போட்டாலோ, டிஸ்க் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்யாமல் முறையாக அணைத்துவிடுங்கள். அது நெட்வொர்க் பிரச்சினை அல்ல. மற்றபடி, மெக்கானிக்கிடம் “டிரைவ் வரல” என்று மட்டும் சொன்னால் அவர் வந்து முதல் படியிலிருந்து தொடங்குவார், வருகைக்கட்டணமும் தனி. பிழை எண், பிங் பதில், நாஸ் பக்கம் திறக்கிறதா, ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமா எல்லாவற்றிலுமா என்ற நான்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதி நேரம் அவர் போனிலேயே முடித்துவிடுவார். நேரில் வந்தால் ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினாரா என்று கேட்டு, மாற்றியிருந்தால் அவர் வண்டி எடுக்கும் முன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.